நடைபாதைப் புத்தகமும் நியாய விலையும்

சென்னையில் பழைய புத்தகம் தேடி அலைந்தோருக்கு மூர் மார்க்கெட் என்ற பெயரே போதும். 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்சிவப்புக் கட்டடம் 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இன்று சென்ட்ரலின் புறநகர் இரயில் நிலையம் நிற்கின்றது. புத்தகக் கடைக்காரர்கள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்திற்குப் பெயர்ந்தனர். நாம் பூந்தமல்லி குருமடத்தில் பயின்ற காலத்தில் அந்தத் தீயின் கதையைக் கேட்டதோடு சரி. ஆயினும் ஞாயிறுதோறும் நடைபாதையில் சாக்கு விரித்துக் குவிக்கப்படும் நூல்களைக் கிளறும் பழக்கம் அப்பொழுதே நம்மைத் தொற்றிக்கொண்டது, இன்றும் விட்டபாடில்லை.

மாதவரத்தில் பணியாற்றியபொழுது, ஞாயிறு திருப்பலியும் ஞானஸ்நானங்களும் முடிந்தபின் பேருந்தேறிச் செல்வதுண்டு. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டே செல்வோம். அங்கியைக் கண்டால் விலை ஏறும் என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கிலேயே பிழை தொடங்கிவிட்டதை நாம் அன்று உணரவில்லை.

ஒருநாள் வங்கித் தேர்வு வினாத்தொகுப்புகளுக்கும் சமையற் குறிப்புகளுக்கும் அடியில் அட்டையிழந்த சிறு நூலொன்று கிடந்தது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. தலைப்பேடு மட்டும் முழுமையாய் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி மாதாகோவில் அச்சுக்கூடத்தில் அச்சான செபநூல்! நம் மறையின் பழைய அச்சு நூல்கள் எளிதில் அகப்படுவன அல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைக் காண விழைவோர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை நாட வேண்டியுள்ளது. நம் நெஞ்சு படபடத்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல், வேண்டாத கணித நூலொன்றை அதன்மேல் வைத்து, “இரண்டும் என்ன விலை?” என்றோம். “முப்பது ரூபா குடு சார்” என்றார் கடைக்காரர். ஐயம் வரலாகாதே என்று பேரம் பேசி இருபத்தைந்துக்கு வாங்கினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணம் புனித அகுஸ்தினார். மூவொரு இறைவனைப் பற்றிய தம் நூலின் 13ஆம் பகுதியில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். கூடியிருப்போர் அனைவரும் மனத்தில் விரும்புவதைச் சொல்லிவிடுவதாகக் கூத்தன் ஒருவன் சவால் விட்டானாம். குறித்த நாளில் திரண்ட கூட்டத்திடம், நீங்கள் எல்லாரும் மலிவாக வாங்கவும் அதிக விலைக்கு விற்கவும் விரும்புகிறீர்கள் என்றானாம். அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆனால் அகுஸ்தினார் அதனை ஏற்கவில்லை. தாம் அறிந்த மனிதர் ஒருவரிடம் கையெழுத்துச் சுவடியொன்று விலைக்கு வந்தது. விற்றவன் அதன் மதிப்பறியாமல் சொற்பத் தொகை கேட்டான். வாங்கியவரோ அவன் எதிர்பாராத நியாய விலையைக் கொடுத்தார் என்று சான்று காட்டுகின்றார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மை அறிந்து எழுதினாற்போல் இருந்தது!

புதையல் உவமை நம் துணைக்கு வராதா எனத் தேடினோம். நிலத்தில் புதையல் கண்டவன் அதை மறைத்துவிட்டு நிலத்தை வாங்கவில்லையா? ஆனால் ஆண்டவர் அங்கே வணிக நெறியைப் போதிக்கவில்லை. விண்ணரசின் மதிப்பைச் சொன்னார். அவன் தனக்குள்ள யாவற்றையும் விற்றான். நாமோ ஐந்து ரூபாய் குறைத்தோம்.

புனித தோமா அக்குவினார் சற்றே இரங்குவார் போலத் தோன்றினார். பஞ்ச ஊருக்குத் தானியம் கொண்டுசெல்லும் வணிகன், தன் பின்னே வேறு வணிகர் வருவதைச் சொல்லாவிடினும் நீதிக்கு மாறானவன் அல்லன் என்கின்றார் அவர். சொல்வது மேலான நற்பண்பு, அவ்வளவே. ஆயினும் பொன்னைப் பித்தளையென்று எண்ணி ஒருவன் விற்க, அதை அறிந்தே வாங்குபவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்றும் அவரே கூறுகின்றார். நாளைய விலை வேறு. பொருள் இன்னதென்பது வேறு. நம் கடைக்காரர் அறியாதது இரண்டாவதைத்தான்.

எனினும் யாருக்கு ஈடுசெய்வது? அவர் அதைக் காயலான் கடையிலிருந்து எடை போட்டு வாங்கியவர். காயலான் கடைக்கு அது வந்தது, செபம் சொன்ன பாட்டி மறைந்த ஏதோவொரு வீட்டிலிருந்தாய் இருக்கலாம். அவ்வீட்டை எங்கே தேடுவது? நூலை இனங்காணக் கற்றதும் உழைப்பல்லவா என்று இன்னொரு வாதமும் எழுந்தது. அதிலும் உண்மை உண்டு. வாசிப்பவன் தன் அறிவைக் கடைதோறும் பறைசாற்ற வேண்டுமென்று நாம் கூற மாட்டோம். ஆனால் நாம் வாளாவிருக்கவில்லையே! கணித நூலை மேலே வைத்தோமே! அந்தக் கணித நூலுக்கு எந்த வாதமும் விடை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அங்கியோடு சென்று 500 ரூபாயை நீட்டினோம். நியாய விலை அதுதானென்று அறுதியிடுவார் யாருமிலர். நம் கையில் இருந்தது அவ்வளவே. கடைக்காரர் மிரண்டுபோய், “இன்னா சாமி, போலீஸ் கேஸா?” என்றார். விளக்கிய பின் பணத்தை மடித்து வைத்துக்கொண்டு, “இதுமாரி இன்னும் எதுனா கீதா பாரு சாமி” என்று குவியலைக் காட்டினார்.

மூன்று மாத காலம் ஞாயிறு மாலைகளில் அந்தச் சாக்கின் ஓரத்தில் அமர்ந்து பிரித்துக் கொடுத்தோம். பழைய பதிப்புகள் தனி அடுக்காயின. விலையும் ஏறிற்று, நமக்குந்தான். நம்மோடு அங்கே நூல் தேடும் தமிழாசிரியர் ஒருவர், “சாமி வந்து கெடுத்துவிட்டார்” என்று இன்றளவும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.