தாயின் வாக்கு

கடன்களிலேயே விசித்திரமானது நேர்த்திக்கடன். வாக்குக் கொடுப்பவர் ஒருவர். பலனை அனுபவிப்பவர் வேறொருவர். உயிரைக் கொடுக்கவேண்டியதோ, இருவருக்கும் எந்த வகையிலும் கடன்படாத ஓர் ஆடு!

எனக்கு ஏழு வயதில் மஞ்சள் காமாலை கண்டது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, கஞ்சித் தண்ணீர்கூடத் தங்காமல் கிடந்தேனாம். உத்தமபாளையத்துப் பாறையடியில் இருக்கும் கருப்பணசாமிக்கு ஒரு கிடாய் வெட்டுவதாக என் தாயார் நேர்ந்துகொண்டார். நான் பிழைத்தேன். பிழைத்தது மருந்தாலா சாமியாலா என்ற விசாரணை இங்கே வேண்டாம். அந்த இரவை அம்மா கடந்தது அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான். அது எனக்குப் போதும்.

ஒரு வருஷம் விளைச்சல் இல்லை. ஒரு வருஷம் அக்காள் கல்யாணம். இப்படியே கடன் தள்ளிக்கொண்டு போயிற்று. 2002-இல் கண்ணை மூடுவதற்கு முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டு, “கருப்பனுக்குச் சொன்னதை மறந்துராதடா” என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். ஆக, அந்த வாக்கு அன்றைக்கு என்னுடைய வாக்காகவும் ஆகிவிட்டது.

மறுவருஷம், 2003 ஆகஸ்டில், கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று அரசு உத்தரவிட்டது. 1950-ஆம் ஆண்டிலிருந்து ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த சட்டம் அது. கிராமங்களில் எல்லாரும் கொதித்தபோது, நான் ஒருவன் உள்ளூர மகிழ்ந்தேன். என் மனச்சாட்சி செய்யவேண்டிய வேலையைப் போலீஸ்காரர் செய்துவிட்டார் அல்லவா? அந்த மகிழ்ச்சி ஓர் ஆண்டுகூட நீடிக்கவில்லை. 2004-இல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். எனக்கும் கருப்பனுக்கும் நடுவில் மறுபடி யாரும் இல்லை.

போன தை மாதம், சின்னமனூரிலிருந்து அக்காளையும் அழைத்துக்கொண்டு உத்தமபாளையத்துக்குப் போனேன். கம்பம் பள்ளத்தாக்கில் அது நல்ல பருவம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வயல்கள் பச்சை பிடித்திருந்தன. மேற்கே மலை நீலமாக நின்றது. ஆட்டுக்குப் பதிலாகப் பொங்கல் வைத்து, ஆட்டின் விலையை உண்டியலில் போட்டுவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். அக்காளிடம் அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சிறு வயதில் அந்தப் பாறையைப் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும் உருவங்களைச் ‘சாமிகள்’ என்று கும்பிட்டும் இருக்கிறேன். அவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள் என்பது படித்தபிறகே தெரிந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வரிசையாக அங்கே இருக்கிறார்கள். சிலர் அமர்ந்திருக்கிறார்கள், சிலர் நிற்கிறார்கள். பார்சுவநாதரின் தலைக்கு மேலே பாம்பு படம் விரித்திருக்கிறது. உடம்பில் துணி இல்லை, கையில் ஆயுதம் இல்லை. பக்கத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். புல்லை மிதிப்பதற்கும் கூசிய கூட்டம் அது. அவர்கள் காலடியில்தான் அரிவாள் பிடித்த கருப்பன் குடியிருக்கிறான்! மதுரைப் பக்கத்துச் சமணர் மலையிலும் இதே கதைதான். மேலே சமணர், அடிவாரத்தில் அய்யனாரும் கருப்பும். இதைச் சமரசம் என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ பாதி மறதி என்றுதான் படுகிறது. ஆனால் அந்த மறதிதான் கல்லைக் காப்பாற்றியும் இருக்கிறது. சாமி என்று கும்பிட்ட பாறையை யார் உடைக்கப் போகிறார்கள்?

இந்தச் சிற்பங்களோடு சேர்ந்து வரும் பெயர் அச்சணந்தி. ஆனைமலையிலும் ஐவர்மலையிலும் உத்தமபாளையத்திலும் திருமேனிகள் செய்வித்த துறவி அவர். சமணர் மலையில் ஒரு திருமேனியைச் செய்வித்தவள் அச்சணந்தியின் தாய் குணமதி என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. துறவியைப் பெற்றவள் கல்லில் ஓர் உருவம் செய்வித்தாள். என்னைப் பெற்றவள் ஓர் ஆட்டை நேர்ந்தாள். எந்த அன்பு உயர்ந்தது என்று தராசு பிடிக்க நான் யார்?

பொங்கல் கொதிக்கும்போது மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அம்மா சொன்னது ஆடு. நீ கிரயம் பேசுறியா?”

“கொல்ல மனசு வரலை அக்கா. மேலே பாரு, இவங்க எல்லாம் கொல்லாமை சொன்னவங்க.”

“ஞாயித்துக்கிழமை கறிக்கடையில வரிசையில நிக்கிறப்ப இவங்க எங்கடா போனாங்க?”

நான் வாயை மூடிக்கொண்டேன். கறி தின்கிறவனுக்குக் கத்தியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் என் ஜீவகாருண்யம். தட்டில் விழும்போது வராத இரக்கம், என் பெயரைச் சொல்லி வெட்டும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? நான் பயந்தது ஆட்டுக்காகவா, என் கை கறைபடுமே என்றா?

சமணர்களிடம் போய் நியாயம் கேட்டாலும் எனக்குச் சாதகமில்லை. ‘யசோதர காவிய’த்தில் ஓர் அரசன் உயிர்ப்பலி கொடுக்க மறுக்கிறான், தாய் வற்புறுத்தவே, மாவினால் செய்த கோழியை வெட்டுகிறான். அந்த மாக்கோழிக்காகத் தாயும் மகனும் நாயாகவும் மயிலாகவும் பிறந்து துன்பப்படுகிறார்கள். கையிலிருந்தது மாவானாலும் மனத்திலிருந்தது கொலைதானே என்பது கதையின் கணக்கு. மாவினால் ஓர் ஆடு பிடித்து வைத்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்தவன் நான்!

பொங்கலை மட்டும் படைத்தோம். உண்டியலில் பணம் போட அக்காள் விடவில்லை. பூசாரி திருநீறு கொடுத்துவிட்டு, “இத்தனை வருஷம் பொறுத்தவன் இன்னும் கொஞ்சம் பொறுப்பான்” என்றார்.

அன்றிலிருந்து நான் கறிக்கடைக்குப் போவதில்லை. ஆட்டை வெட்ட மறுப்பதற்கு அந்த யோக்கியதையாவது வேண்டுமே என்றுதான். அதனால் அம்மாவின் கடன் தீர்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. அக்காளும் சொல்லவில்லை. ஊருக்குப் போன கையோடு ஒரு கிடாய்க்குட்டி வாங்கிக் கட்டிவிட்டாள். தினமும் அவளே தழை ஒடித்துப் போடுகிறாள். போன வாரம் டெலிபோனில் பேசினாள். கொம்பு விட்டிருக்கிறதாம், அவள் கையால் வைத்தால்தான் தின்கிறதாம்.

“அதுக்குப் பேர் கீர் வச்சுடாதே அக்கா” என்றேன்.

“வச்சாச்சு” என்றாள்.