வினா யாரை நோக்கி?

வகுப்பறையிலே நாற்காலிகள் வட்டமாகப் போடப்படுகின்றன. ஆசிரியர் மேடையை விட்டிறங்கி மாணவரோடு மாணவராக அமர்கிறார். "இன்று பாடம் இல்லை, உரையாடல், பொருள், சமுதாய ஏற்றத்தாழ்வு" என்கிறார். கேட்கவே இனிக்கிறது! ஓதுவதும் ஒப்புவிப்பதுமே கல்வி என்றிருந்த நாட்டிலே, 'கேள், மறு, எண்ணிப் பார்' என்று மாணவனிடம் சொல்லும் வகுப்பு வருமானால், அதை நாம் வரவேற்காமல் வேறு யார் வரவேற்பது?

இத்தகைய படிப்புகள் எங்கும் எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்க நாட்டின் சான்பிரான்சிசுகோ அரசு கல்லூரியிலே 1968 நவம்பர் முதல் 1969 மார்ச்சு வரை மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே, கறுப்பரின் வரலாறும் பிற ஒடுக்கப்பட்ட இனத்தாரின் வரலாறும் அங்கே தனித்துறைப் பாடமாயின. நம் கலைக்கல்லூரிகளிலோ விழுமியக் கல்வி என்றொரு தாள் நெடுநாளாக உண்டு. அதை உயிரோட்டத்தோடு நடத்தும் ஆசிரியரும் உளர். குறிப்புக் கொடுத்து, உருப்போட்டு எழுதச் சொல்லி, ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடுபவரும் உளர்!

நாம் எடுத்துக்கொண்ட வினா அதுவன்று. உரையாடல் உண்மையாகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே யார் பேசக் கடமைப்பட்டவர்? வினா யாரை நோக்கிச் செல்ல வேண்டும்?

இராசபாளையத்துக் கல்லூரி ஒன்றிலே அவ்வகுப்பு நடப்பதாகக் கொள்வோம். தேவதானத்திலிருந்து பேருந்தேறி வந்த இளைஞன் ஒருவன் வட்டத்திலே அமர்ந்திருக்கிறான். குடும்பத்திலே கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவன். சேர்ந்த அன்றே, "எந்த ஊர்?" என்றார்கள். சொன்னான். "எந்தத் தெரு?" என்றார்கள். சொன்னான். அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை, விடை தெளியாதபோதுதான் "நீங்க என்ன ஆளுக?" என்ற மூன்றாம் வினா வரும். இன்று, நல்ல உள்ளம் படைத்த ஆசிரியர் அவனைப் பார்த்து, "தம்பி, உன் அனுபவத்தைச் சொல்லேன், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்" என்கிறார். வட்டத்திலுள்ள தலைகள் அத்தனையும் அவன் பக்கம் திரும்புகின்றன.

என்ன செய்வான்? சொன்னால், மாலையில் அதே பேருந்திலே, அதே முகங்களோடுதான் ஊர் திரும்ப வேண்டும். சொல்லாவிட்டால், "பார்த்தீர்களா, இந்தக் காலத்தில் சாதி எங்கே இருக்கிறது?" என்று எதிர் நாற்காலி முடித்துவிடும். அவன் புண் அவர்களுக்குப் பாடப்புத்தகமாகிறது. கேட்டவர் 'உச்' கொட்டுகிறார், மதிப்பெண் பெறுகிறார். காட்டியவனோ காட்டியதை மூடவும் வழியின்றி நிற்கிறான். இதற்கு உரையாடல் என்று பெயராம்!

உரையாடலுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று உலகமே போற்றும் சாக்ரடீசை நினைத்துப் பாருங்கள். பிளேட்டோ எழுதிய 'மெனோ'விலே, மெனோவின் அடிமைச் சிறுவனை அழைத்து, சதுரத்தின் பரப்பை இருமடங்காக்குவது எப்படி என்று படிப்படியாகக் கேட்கிறார். சிறுவன் தவறுகிறான், தடுமாறுகிறான், இறுதியில் விடையைக் கண்டுகொள்கிறான். கல்லாத அடிமைக்கும் அறிவு உண்டு என்று அங்கேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆனால், "மெனோ! இத்துணை அறிவுள்ளவன் உனக்கு எப்படி உடைமையானான்?" என்று கேட்டாரா? இல்லை! ஏதென்சு அடிமையிடம் கணக்குக் கேட்டது, அடிமைத்தனத்தைக் கேட்கவில்லை. நம் வகுப்போ ஒடுக்கப்பட்டவனிடம் ஒடுக்குமுறையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. இரண்டு அவையிலும் தப்பித்துக்கொண்டவர் மெனோதான்.

"அப்படியானால் அவனை வாய்மூடச் சொல்கிறீர்களா? அவனுக்காகப் பிறர் பேசுவது பழைய கொடுமைதானே?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேசும் உரிமை அவனுடையது. விரும்பும்போது, விரும்பிய சொல்லிலே அவன் பேசட்டும், சதுரத்தைப் பற்றியும் பேசட்டும், சாதியைப் பற்றியும் பேசட்டும். உரிமை வேறு, கடமை வேறு. சாட்சி சொல்லும் கடமையை அவன் தோளிலே சுமத்த எவருக்கும் உரிமையில்லை. "இருபுறமும் சமமாகப் பேசட்டும்" என்ற நடுநிலையையும் நாம் ஏற்பதற்கில்லை. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 1950இலேயே ஒழித்துவிட்டது. அது இருக்கலாமா என்பது பட்டிமன்றப் பொருளாகாது. இன்னும் எப்படி இருக்கிறது என்பதே ஆராய்ச்சிக்குரியது.

ஆராயப் பொருளா இல்லை? ஊரின் பெயரையே எடுங்கள். தேவதானம் என்பது கல்வெட்டுச் சொல். கோயிலுக்கு விடப்பட்ட நிலம் என்று பொருள். அந்தணருக்கு விட்டது பிரமதேயம். இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலே, நிலங்களைக் கணக்கிட்டுச் செல்லும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. ஆண்டவனுக்கு நிலம், அந்தணனுக்கு நிலம், உழுதவனுக்குச் சேரி! இதைப் படிக்க எவன் புண்ணையும் திறக்க வேண்டியதில்லை.

அண்மைக்கு வாருங்கள். 1997இலே விருதுநகர் மாவட்டத்துக்குரிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது மூண்ட கலவரம் அம்மாவட்டத்தாருக்குத் தெரியும். அவ்வாண்டே எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. ஒரு பெயர் தாங்கிய பேருந்திலே ஏறமாட்டோம் என்ற மனம் எந்த வீட்டிலே, எந்தப் பேச்சிலே வளர்ந்தது? நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் 2023இல் அமைக்கப்பட்டு, 2024 சூனில் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, கைகளிலே கட்டும் சாதி வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது, மாணவரை அகரவரிசையில் அமர்த்தச் சொன்னது. நல்லவை. கயிற்றை அறுக்கலாம், அதைக் கட்டிய கையை யார் விசாரிப்பது?

அதைத்தான் அந்த வட்டம் செய்ய வேண்டும். "நான் ஒரு தவறும் செய்யவில்லையே" என்று எதிர் நாற்காலி இளைஞன் சொல்வான். உண்மையாகவும் இருக்கலாம். அவனைக் கூண்டிலேற்றச் சொல்லவில்லை. அவன் வீட்டு வழக்கத்தை ஆராய்வோனாக்கச் சொல்கிறோம். அவன் கருத்துக்கு மதிப்பெண் வேண்டாம். கருத்துக்குப் போட்டால் நடிப்பே வளரும். அவன் கேட்டறிந்து வந்ததற்குப் போடுங்கள். ஆசிரியர் தேவதானத்து இளைஞனைப் பாராமல், வகுப்பு முழுவதற்கும் வேலை கொடுக்கட்டும்: இன்றிரவு உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். நம் வயலுக்கு வேலைக்கு வந்தவர்கள் எந்த வாசலோடு நின்றார்கள்? தண்ணீர் கேட்டபோது எதிலே ஊற்றினீர்கள்? அந்தப் பாத்திரம் எங்கே வைக்கப்பட்டது? எந்த ஆண்டோடு அது நின்றது, நின்றதா?