களம் நீங்கும் பொழுது

கல்லூரிகள் திறக்கும் காலம் நம் இல்லங்களில் மகிழ்ச்சியின் காலம். புத்தாடை, பெட்டி, விடுதிச் செலவு என எல்லாவற்றையும் கணக்கிட்டே பிள்ளையை அனுப்பி வைக்கிறோம். ஆனால் அவன் விட்டுச் செல்வது ஒன்றுண்டு. அதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்து வயது முதல் மாலைதோறும் மூச்சடக்கிப் பாடி ஆடிய சடுகுடுக் களத்தை அவன் விட்டுச் செல்கிறான். பணி மாறிச் செல்வோருக்குப் பிரிவுபசார விழா உண்டு. மணமாகிச் செல்லும் மகளுக்குக் கண்ணீர் உண்டு. இப்பிரிவுக்கோ சடங்கும் இல்லை, சாட்சியும் இல்லை.

அவ்வாறு விட்டுச் செல்லப்படும் அந்த ஆண்டுகள் வீணானவையா என்பதே நம் முன் நிற்கும் வினா. 'இனியாவது விளையாட்டுப் புத்தியை விட்டுவிட்டுப் படி' என்று பெரியோராகிய நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். பிரிவின் வலியைத் தாங்க மாட்டாத இளைஞனும், 'அதெல்லாம் சிறுபிள்ளைத்தனம்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்தால் அது பயனுள்ள ஆட்டம்; கிடைக்காவிட்டால் வீண் ஆட்டம். இதுவே நாம் கைக்கொண்டுள்ள அளவுகோல்.

இவ்வளவுகோல் சரியானதன்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றியும் ஆராய்கின்றார். உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போலவே உழைத்த உள்ளத்திற்கும் ஓய்வு தேவை என்றும், மகிழ்வே அவ்வோய்வு என்றும் அவர் கூறுகின்றார். எனவே அளவோடு ஆடுவதை நற்பண்பாகவே கொள்கின்றார். அளவு மீறுவது குற்றம். தானும் மகிழாது பிறர் மகிழ்வையும் கெடுப்பதும் குற்றமே என்கின்றார். உள்ளத்தின் மகிழ்வைத் தவிர வேறெதையும் நாடாத செயலே விளையாட்டு என்பது அவர் தரும் விளக்கம். நாடியது மகிழ்வு, அது அன்றைய மாலையிலேயே கிடைத்துவிட்டது. முழுமையாகப் பெற்றுவிட்ட ஒன்று பின்னாளில் எவ்வாறு வீணாகும்?

களத்தை விடுவதே தவறென்று நாம் கூறவில்லை. 2014இல் 8 அணிகளுடன் தொடங்கிய புரோ கபடி லீக், 2017இல் 12 அணிகளாக வளர்ந்தது உண்மையே. ஆயினும் ஊர்தோறும் ஆடும் பிள்ளைகளுள் மிகச் சிலருக்கே அங்கு இடமுண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேண்டியவன் களத்தை நீங்குவது கோழைத்தனமன்று, அது கடமை.

ஆனால் துறப்பது வேறு, பறிக்கப்படுவது வேறு. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் கபடி 1990இலேயே இடம்பெற்றது; பெண்கள் 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் இல்லங்களிலும் மகளின் களம் மகனின் களத்திற்கு முன்னதாகவே மூடப்படுகிறது. தானே எண்ணித் தேர்ந்து விடுவதே துறவு. 'பெரிய பெண்ணாகிவிட்டாய்' என்னும் ஒரு சொல்லால் வெளியேற்றப்படுவது துறவாகாது.

மற்றுமொன்றையும் இங்கே சிந்தித்தல் வேண்டும். கபடியில் ஒரு விதி உண்டு. பிடிபட்டவன் களத்திற்கு வெளியே அமர்ந்திருப்பான். அவனுடைய அணித்தோழர்கள் எதிரணியில் ஒருவனை வெளியேற்றும்போது, இவன் மீண்டும் உள்ளே வருவான். ஒருவனது உழைப்பில் மற்றவன் மீள்கின்றான். எனவே எழுவர் ஆடும் அவ்வணியில் எவனும் தன் ஆட்டம் தன்னுடையது மட்டுமே என்று கூற இயலாது.

அந்த எழுவருள் ஒருவன் கல்லூரிக்குச் செல்கிறான். மற்றொருவன் தந்தையோடு கடலுக்குச் செல்கிறான். இன்னொருவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குச் செல்கிறான். அவர்களுக்கும் களம் மூடிவிட்டது. ஆனால் அவர்களுக்குப் புத்தாடை இல்லை, வழியனுப்புவோரும் இல்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவன், பேருந்து நிறுத்தத்தில் அவர்களைக் கண்டும் காணாதவன் போல் நடப்பானாகில், அவன் விட்டது விளையாட்டை அன்று, தோழர்களை. 'சிறுபிள்ளைத்தனம்' என்று ஆட்டத்தை ஒதுக்கும் சொல், உடன் ஆடியவர்களையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றது.

ஆகவே பெற்றோராயிருப்போர் 'வீண்' என்னும் சொல்லைத் தவிர்த்தல் நலம். பிள்ளை புறப்படுவதற்கு முந்தைய மாலை, களத்திற்குச் சென்று விடைபெற்று வருமாறு அவனை அனுப்பி வைத்தல் அதனினும் நலம். இளையோரே, களத்தை நீங்கள் விடலாம். களத்தில் உங்களை மீட்டவர்களை விடலாகாது. பொங்கல் விடுமுறையில் கோட்டருகே நின்று ஊர்ச் சிறுவர்க்கு ஆடக் கற்றுக்கொடுங்கள்; பழைய தோழனின் தோளில் கை போட்டு அவன் நலம் கேளுங்கள். அன்று வெளியே அமர்ந்திருந்த உங்களை உள்ளே கொண்டுவந்தவன், இன்று வெளியே அமர்ந்திருக்கக்கூடும்.