வரம் வேறே, கனி வேறே



1739-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்திலுள்ள கிங்ஸ்வுட்டில், ஆலயத்துக்கு வராத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைத் தேடிப்போய் வெட்டவெளியில் பிரசங்கித்தார் ஜார்ஜ் விட்ஃபீல்ட். மெதடிஸ்ட் எழுப்புதலின் முதல் பிரசங்கிகளில் ஒருவர். ஆத்தும பாரமுள்ள ஊழியர், சந்தேகமே இல்லை.

1740-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பெதஸ்தா என்ற அநாதை இல்லத்தையும் ஆரம்பித்தார். அதே வருஷம், அடிமைகளைக் கொடுமைப்படுத்தும் எஜமான்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். ஆனால் இல்லத்துக்குச் செலவு அதிகம். ஜார்ஜியாவிலோ அடிமைகளை வைக்கத் தடை இருந்தது. அந்தத் தடையை எடுக்கணும்னு அவரே வாதாடினார். 1751-ல் தடை நீங்கியது. இல்லத்துக்காக அடிமைகள் பாடுபட்டார்கள். 1770-ல் அவர் மரித்தபோதும் அவர்களுக்கு விடுதலை இல்லை. சொத்தோடு சொத்தாகக் கைமாறினார்கள்.

"ஊழியத்துக்குத்தானே செய்தார்?" என்பீர்கள். அநாதைப் பிள்ளைக்குச் சோறு போட இன்னொருத்தர் பிள்ளையை விலைக்கு வாங்கலாமா? "அந்தக் காலம் அப்படி" என்பதும் நிற்காது. அவருடைய நண்பர் ஜான் வெஸ்லி 1774-ல் அடிமைத்தனத்தை எதிர்த்துப் புத்தகமே எழுதினாரே!

தேவன் ஒருவரை உபயோகித்தார் என்பதற்காக அவர் செய்ததெல்லாம் தேவசித்தம் ஆகிவிடாது. ஊழியத்தின் பேரைச் சொல்லி நாம் யாருடைய கூலியைப் பிடித்து வைத்திருக்கிறோம்? இந்த வாரம் ஜெபத்தில் அதைக் கர்த்தரிடத்தில் கேட்போம்.