பீர்க்கம்பூ யாருக்கு?

கூட்டம் முடிஞ்சு டீக்கடையில் நின்றபோது ஒரு தோழர் கேட்டார்: "பூவையும் பட்டாம்பூச்சியையும் பாத்துக்கிட்டு இருக்க நமக்கேது நேரம்? அதெல்லாம் வயிறு நெறஞ்சவன் சமாச்சாரம்." ரொம்ப காலம் நானும் அப்படித்தான் நம்பினேன். கோயிலுக்குப் பூப் பறித்துக் கொடுத்த கை கோயில் வாசலைத் தாண்ட முடியாதபோது, பூவின்மேல் என்ன பிரியம் வரும்?

எங்கம்மா செத்தது ஒரு ஐப்பசியில். அடைமழை. சுடுகாட்டுக்குப் போக ஊர்த்தெருவில் வழி விடவில்லை. முழங்கால் சேற்றில், வரப்பு வழியே தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாம் நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை அழுகை வரவில்லை. கூரைமேல் அம்மா ஏத்திவிட்டிருந்த பீர்க்கங்கொடியில் மஞ்சப்பூ ஒவ்வொன்றாய் விரிஞ்சுது. பூசணி காலையில் பூக்கும். பீர்க்கு பொழுது சாயுற நேரத்தில்தான் பூக்கும். "நாம கழனியிலேர்ந்து வர்ற நேரம் பாத்துப் பூக்குது பாரு" என்று அம்மா சொல்லும். அப்போதுதான் அழுதேன். மனசு லேசானது.

கேள்வி இதுதான்: அந்த ஆறுதல் துரோகமா? வழிமறித்தவர்களை அந்த ஐந்து நிமிஷம் மறந்தேனே, அது மன்னிப்பாகிவிடுமா?

செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்த மழைக்காலத்துப் பூதான். தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாட்டில் பெண்ணின் விரலுக்கு உவமை. விதையிலுள்ள கோல்கிசின் என்னும் மருந்துப்பொருளுக்காக மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். சூல்தண்டு மகரந்தப்பைகளை விட்டு ஒதுங்கி, பக்கவாட்டில் வளைந்து நிற்பதால் தானாகக் காய்பிடிப்பது குறைவு. காலையில் கூலியாட்கள் பூப்பூவாய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். மஞ்சளாய் விரிந்து நாளாக ஆகச் சிவக்கும் அந்த இதழை அந்தக் கைகளைவிட நெருக்கமாய் அறிந்தவர் யார்? உவமை புலவனுக்கு, கூலி உழைப்பவனுக்கு என்று பிரித்தது பூ அல்ல. அழகு ஓய்வுள்ளவன் சொத்து என்று நாமும் ஒப்புக்கொண்டால், அந்தப் பிரிவினைக்கு நாமே கைநாட்டு வைக்கிறோம்.

2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்ட ரோஹித் வெமுலா, நட்சத்திரங்களையும் இயற்கையையும் நேசித்ததைக் கடைசிக் கடிதத்தில் எழுதினார். அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் நின்று போராடியவர் அவர். இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன. கோபம் மட்டும்தான் உனக்கு என்று நம்மை நாமே நிறுத்திக்கொள்வதும் ஒருவகை ஒதுக்கல்தான்.

பூவுக்குச் சாதி தெரியாது என்று நான் பசப்ப வரவில்லை. பூ நிற்கிற மண்ணுக்குப் பட்டா இருக்கு. பட்டாவுக்குச் சாதி இருக்கு. பீர்க்கம்பூ சுடுகாட்டுக்கு வழி வாங்கித் தராது. ஆனால் கருமாதி முடிஞ்ச மறுநாள் பாதை கேட்டு மனு எழுதி, சேரியில் வீடு வீடாய்ப் போய்க் கையெழுத்து வாங்கினேன். அந்தத் தெம்பு அந்தச் சாயங்காலத்தில் கிடைத்தது. மறந்தது ஐந்து நிமிஷம்தான், மன்னிக்கவில்லை.

பாதை இன்னும் வரவில்லை. மனு வருஷா வருஷம் போகிறது. அம்மா சேத்துவச்ச விதையையும் வருஷா வருஷம் ஊன்றுகிறேன்.