கடல் கடந்த இல்லறம்



காஞ்சிபுரத்தில் தறியோசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சிலர், மெய்விவாகம் முடிந்த சில மாதங்களுக்குள் சிங்கப்பூர், துபாய், கனடா என்று கடல் கடந்து போகிறார்கள். அங்கே வாடகைக்கு இரண்டு அறை. அடுப்பு உண்டு, கட்டில் உண்டு, ஆனால் மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, வாசற்படியில் நின்று "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று கேட்கும் அடுத்த வீட்டு அக்காளும் இல்லை. இருவர் மாத்திரமே. அந்த வாடகை அறைகள் ஒரு குடும்பத்தின் வீடாவது எப்படி?

வேதாகமத்திலே இப்படிப்பட்ட தம்பதிகள் இருவரைக் காண்கிறோம். ஏறக்குறைய கி.பி. 49-ம் ஆண்டில் கிலவுதியுஸ் சக்கரவர்த்தி யூதர்களை உரோமாபுரியினின்று வெளியேறக் கட்டளையிட்டான். அப்படி வெளியேறியவர்கள் அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும். கொரிந்து நகரில் குடியேறி, கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்தார்கள். தாங்களே அந்நியராயிருந்தும், அதே தொழில் தெரிந்த அர்ச். சின்னப்பர் வந்தபோது அவரைத் தங்கள் வீட்டிலே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு எபேசு பட்டணத்திற்குப் போனார்கள். அங்கே அவர்கள் வீட்டிலேயே விசுவாசிகள் கூடினார்கள். புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் அவர்களுடைய பெயர் வருகிறது. ஓரிடத்திலும் அக்கிலா தனியாகவோ பிரிஸ்கில்லா தனியாகவோ சொல்லப்படவில்லை. ஊர் மாறியது, வீடு மாறியது, அவர்கள் பிரியவில்லை.

நம் ஊரார்க்கு இதை விளங்கச் செய்வது எளிது. கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்வதில்லை. ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்திலே துணை ஆள் ஒருவர் கரை நாடாவை எறிந்து கொடுக்கிறார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் இழைக்கிழை ஒன்றோடொன்று கோர்க்கப்படுகின்றன. நிறம் வேறு வேறுதான். நன்றாய்க் கோர்த்த கரையோ எளிதில் பிரியாது. கோர்வையில் பிழை விழுந்தால் அதற்காக யாராவது சேலையை அறுத்தெறிவார்களா? பிழையான இழையைப் பிரித்து மறுபடியும் கோர்ப்பார்கள். புருஷன் பெண்சாதிக்குள் உண்டாகும் மனஸ்தாபமும் அப்படியே. அன்றைய பிழையை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும்.

அந்நிய நாட்டிலே குடியிருக்கும் வாலிபனே, ஒன்று கேள். நீ வேலைக்குப் போகிறாய். உனக்குத் தோழர் உண்டு, பேச்சு உண்டு. உன் மனைவிக்கோ நாள் முழுதும் நான்கு சுவர்தான். சிங்கப்பூரிலே, கணவனைச் சார்ந்து வந்த மனைவி உத்தியோகம் பார்க்க 2021 மே முதல் பொதுவாகத் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். படித்த பெண்ணாயிருந்தும் வீட்டிலேயே இருக்க நேரிடுகிறது. நீ களைத்து வந்து கைபேசியைக் கையிலெடுத்தால், அவள் காலைமுதல் காத்திருந்த பேச்சு தொண்டையிலேயே நின்றுபோகும். முதலில் அவள் பேசட்டும். இருவரும் சேர்ந்து சமையுங்கள், சேர்ந்து கடைக்குப் போங்கள், இராத்திரி சேர்ந்து பத்து மணி செபமாலையாவது சொல்லுங்கள்.

பெண்ணே, நீயும் கதவைச் சாத்திக்கொண்டு ஊரையே நினைத்து ஏங்கியிராதே. சிங்கப்பூர் ஓபிர் வீதியிலே 1888-ல் கட்டி முடிந்த லூர்து மாதா கோவில், அங்கே குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழும்பியது. இன்றும் அங்கே தமிழில் பூசை உண்டு. உனக்கு முன்னே எத்தனை பெண்கள் அதே ஏக்கத்தோடு அந்தப் பீடத்தின் முன் முழங்காற்படியிட்டிருப்பார்கள்! எந்த நாடானாலும் முதல் ஞாயிறே கோவிலைத் தேடுங்கள். குருவானவரை அழைத்து வீட்டை மந்திரிக்கச் செய்யுங்கள். உங்களுக்குப் பின் வந்து தனித்திருக்கும் ஒருவரை ஒரு வேளை சாப்பாட்டிற்குக் கூப்பிடுங்கள். அக்கிலாவின் வீடு அப்படித்தான் கோவிலாயிற்று.

இங்கே இருக்கும் தாய்தகப்பன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மனிதன் தாய்தகப்பனை விட்டு மனைவியோடு இணைந்திருக்க வேண்டுமென்பது சர்வேசுரனுடைய ஏற்பாடு. பிள்ளைகளோடு பேசுங்கள், ஆனால் என்ன சமைத்தாய், எவ்வளவு செலவழித்தாய், ஏன் இன்னும் பணம் வரவில்லை என்று நாள்தோறும் விசாரணை நடத்தாதிருங்கள். தறியிலே மூன்றாவது கை நுழைந்தால் இழை சிக்கும். ஆனாலும், மகள் அடிபடுகிறாள், பூட்டி வைக்கப்படுகிறாள் என்று தெரிந்தால் "பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். அது கிறீஸ்தவப் பொறுமையல்ல. உடனே அங்குள்ள இந்தியத் தூதரகத்தையும் பங்குக் குருவையும் நாட உதவுங்கள்.

எரோதின் வாளுக்குத் தப்பி, பாலனோடு எஜிப்து தேசத்தில் அந்நியராய்க் குடியிருந்த தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும், கடல் கடந்த நம் பிள்ளைகளின் வீடுகளைக் காத்து, அவர்களை ஒரே நெஞ்சாய் இருக்கச் செய்வார்களாக. ஆமென்.