கருவறையில் யார் ஆணை?

ஒரே வழக்கு. ஒரே சட்டம். ஒரே மேடையில் அமர்ந்த நீதிபதிகள் இருவர், இருவரும் பெண்கள். தீர்ப்போ இரண்டு!

2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இந்திய உச்சநீதிமன்றத்தில் நடந்தது இது. இரு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண்ணொருத்தி, தன் கருவைக் கலைத்துக்கொள்ள இசைவு கேட்டு வந்தாள். இரண்டாம் மகவு பிறந்து ஓராண்டே ஆகியிருந்தது. பாலூட்டும் காலமாதலால் மாதவிலக்கு நின்றிருந்தது; மீண்டும் கருவுற்றதை அவள் அறிந்தபோது நாள் கடந்துவிட்டிருந்தது. மகப்பேற்றுக்குப்பின் வந்த மனநோய்க்கு மருந்துண்டு வந்தவள் அவள். முதலில் நீதிபதிகள் இருவரும் இசைந்தனர். பின்னர் மருத்துவரிடமிருந்து மடல் வந்தது: கரு உயிரோடு பிறக்கும் வாய்ப்பு மிகுதி என்று. வளர்ச்சியோ 26 வாரம். நீதிபதி ஹிமா கோலி, தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றார். நீதிபதி நாகரத்னா, முடிவு அந்தப் பெண்ணுடையது, அதை மதிப்பதே முறை என்றார். வழக்கு மூவர் அமர்வுக்குச் சென்றது. அக்டோபர் 16-ஆம் நாள், அவள் வேண்டுகோள் மறுக்கப்பட்டது.

இருவரில் ஒருவர் இரக்கமுள்ளவர், மற்றவர் இரக்கமற்றவர் என்று நாம் சொல்லமாட்டோம். ஒருவர் இரக்கம் வயிற்றில் இருந்ததன்மேல் சென்றது. மற்றவர் இரக்கம் வயிற்றுக்கு உரியவள்மேல் சென்றது. கற்றறிந்த இருவரையே இருவழி இழுத்த கேள்வியை, ‘பாவம்’ என்ற ஒரு சொல்லாலோ, ‘உரிமை’ என்ற ஒரு சொல்லாலோ மூடிவிட நாம் விரும்பவில்லை. எண்ணிப் பார்ப்போம்.

முதலில், எதிர்ப்போர் கூற்றைக் கேட்போம். அவர்கள் எல்லோரும் மதவாதிகள் அல்லர். கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர், உயிர்க்கொலை என்றதும் பதறுவது இயல்பு, நல்லியல்புங்கூட! கருவைக் கலைப்பது அதற்கு வரவிருந்த வாழ்வு முழுவதையும் பறிப்பதாகாதா என்பது, அமெரிக்க மெய்யியலார் டான் மார்க்குவிஸ் 1989-இல் வைத்த வாதம். அதில் ஆண்டவனும் இல்லை, ஆன்மாவும் இல்லை. ஆகவே, புரோகிதன் புளுகு என்று அதைப் புறந்தள்ள முடியாது.

ஆனால், ‘எங்கள் மறை தீர்த்து வைத்துவிட்டது’ என்போரை நாம் கேட்க வேண்டியிருக்கிறது: எந்த மறை? கருவுற்ற கணந்தொட்டே கலைப்புக் கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. அத்திருச்சபை போற்றும் 13-ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் அக்குவினாஸ், கலைப்பைப் பாவமென்றவரே ஆயினும், பகுத்தறிவுள்ள ஆன்மா கருவில் பின்னரே வந்து சேர்கிறது என்று கொண்டார். 120 நாளில் உயிர் ஊதப்படுகிறது என்பர் இசுலாமிய அறிஞர் பலர். அதற்குமுன் கலைக்கலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே வேற்றுமை. பேற்றின்போது தாயுயிருக்கு இடர் நேர்ந்தால், சேயின் தலை வெளிப்படும்வரை தாயுயிரே முதன்மை என்கிறது யூதர் நெறி. மனுவோ, தம் 11-ஆம் அத்தியாயத்தில், ஆணா பெண்ணா என்று அறியப்படாத கருவை அழித்தவனுக்குப் பிராமணக் கொலைக்குரிய கழுவாயை விதிக்கிறார். அறியப்படாத கருவுக்கு அந்த மதிப்பு என்றால், பெண் என்று அறியப்பட்ட கருவுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

அறிவியலாவது தீர்க்குமா? உயிர் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், விந்தும் உயிருள்ளதே, சினைமுட்டையும் உயிருள்ளதே என்று விடைவரும். துடிப்பு ஒரு காலத்தில் வருகிறது. உணர்வு ஒரு காலத்தில். தாயைப் பிரிந்தும் வாழும் ஆற்றல் இன்னொரு காலத்தில். எந்தப் படியில் அது ‘ஆள்’ ஆகிறது என்பது, நாம் இடும் கோடு. விதையை வெட்டியவன்மீது மரத்தை வெட்டிய குற்றம் சாட்ட முடியாது. வேரூன்றிக் கிளைவிட்டதை விதை என்றுரைத்துத் தப்பவும் முடியாது. கரு வளர வளர, அதன் பொருட்டு நாம் செலுத்தவேண்டிய அக்கறையும் வளர்கிறது என்பதே நம் கருத்து.

இத்துடன் முடிந்துவிடவில்லை. கருவை முழு ஆளாகவே கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மகன் சாகக் கிடக்கிறான், தந்தையின் சிறுநீரகம் ஒன்றே அவனைக் காக்கும், தந்தை மறுக்கிறான். ஊர் தூற்றும், உறவு காறி உமிழும். ஆனால், அவனைக் கட்டிலில் கட்டி அறுத்தெடுக்கச் சட்டம் எதுவும் துணிவதில்லை. பெற்றெடுத்த பிள்ளைக்காகக்கூடத் தந்தையின் உடலைத் தொடத் தயங்கும் சட்டம், பிறவாத ஒன்றுக்காகத் தாயின் உடலை ஒன்பது திங்கள் பற்றிக்கொள்ளலாமா? உயிர்வாழும் உரிமை என்பது, பிறர் உடலைப் பயன்படுத்தும் உரிமையாகிவிடுமா என்று ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற பெண்ணறிஞர் 1971-இல் கேட்டார். இன்றுவரை வாதம் ஓயவில்லை.

‘அவள் இணங்கித்தானே கருவுற்றாள்?’ என்பர். எங்கே இணங்கினாள்? மணத்துக்கே அவள் இணக்கம் கேட்கப்படாத வீடுகள் எத்தனை! கணவனின் வன்முறையை வன்புணர்ச்சி என்று கொள்ளாத பழைய விலக்கை, 2023-இல் இயற்றப்பட்ட புதிய தண்டனைச் சட்டமும் வைத்துக்கொண்டதே! மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில், இணக்கம் என்பது வெறுஞ்சொல்.

சட்டம் வந்த வழியையும் பார்ப்போம். வெள்ளையர் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டம், தாயுயிர் காக்க அன்றி வேறெதற்குக் கலைத்தாலும் மூன்றாண்டுச் சிறை, கருவில் அசைவு தெரிந்தபின் என்றால் ஏழாண்டுச் சிறை என்றது; கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. கலைப்பு நின்றதா? இல்லை, இருட்டுக்குச் சென்றது. எருக்கம்பாலும் குச்சியும் மருத்துவமாயின. இளம் விதவையைக் கெடுத்தவன் திண்ணையில் அமர்ந்து தருமம் பேசினான். அவளோ கிணற்றைத் தேடினாள். 1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு ஆய்ந்து உரைத்தபின், 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. 2021-இல் திருத்தம் பெற்றது. சில வகைப் பெண்டிர்க்கு 24 வாரம்வரை இடம் தந்தது. மணமாகாத பெண்ணுக்கும் அந்த இடம் உண்டென்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உரைத்தது. எனினும், கதவின் சாவி மருத்துவர் கையில்தான். பழைய தண்டனைப் பிரிவோ ஒழியவில்லை. 2024 சூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில் 88-ஆம் பிரிவாகக் குடியேறிவிட்டது.

பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலில் கர்ப்பத்தடை பற்றிய பகுதி ஒன்றுண்டு. பிறர், உடல்நலத்துக்காக, வறுமை ஒழிப்புக்காகக் கருத்தடை வேண்டும் என்றனர். அவரோ, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். இந்த வேறுபாடு சிறிதன்று. நாட்டு நலம் என்ற காரணத்தால் தரப்படும் உரிமை, அதே காரணத்தால் பறிக்கப்படும். 1966-இல் ருமேனியாவில் ‘மக்கள்தொகை பெருக வேண்டும்’ என்று கலைப்பைத் தடுத்தது செளஷெஸ்குவின் ஆட்சி. கள்ளக் கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டனர். 1989 இறுதியில் அவன் வீழ்ந்த பின்னரே தடை நீங்கியது. சீனத்தில் ‘மக்கள்தொகை குறைய வேண்டும்’ என்ற ஒரு பிள்ளைத் திட்டத்தின் பெயரால், வேண்டிச் சுமந்த கருவையும் கலைக்கவைத்தனர். இரண்டிலும் புரோகிதன் இல்லை. ஆயினும் பெண்ணின் வயிறு அரசின் வயலாயிற்று!

இனி, நம்மை நோக்கி வீசப்படும் கடுமையான கேள்வி: ‘பெண்ணே முடிவெடுக்கட்டும் என்கிறீர், பெண் கருவைத் தேடிப்பிடித்து அழிக்கிறார்களே, அதுவும் உரிமையோ?’ நாம் தப்பியோடப் போவதில்லை. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு, 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்த இந்நாட்டில், 2001-இல் 927 பேரே இருந்தனர். கருவின் பாலறிந்து கலைப்பதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. அது கொடுமை, ஐயமில்லை. ஆனால் அங்கே முடிவெடுத்தது யார்? மாமியார் முகம், கணவன் மிரட்டல், சீர்வரிசைக் கணக்கு, கொள்ளிவைக்க மகன் வேண்டுமென்ற சடங்கு! மனுவிடம் கண்டோமே, ‘அறியப்படாத’ என்ற அந்தச் சொல்லின் பின்னிருந்த தராசு, அதுதான் கருவியின் துணையோடு அங்கே நிறுத்துப் பார்த்தது. அது பெண்ணின் உரிமை மிகுந்ததால் விளைந்த கேடன்று. உரிமை இல்லாததால் விளைந்த கேடு. அவளைச் சிறைக்கனுப்புவது மருந்தாகாது. மகளுக்கும் சொத்து, மகளுக்கும் கல்வி, மகள் கையாலும் ஈமக்கடன் என்றாகட்டும். தராசு தானே ஒடியும்.

டெல்லி வழக்குக்குத் திரும்புவோம். 26 வாரக் கருவின்முன் நீதிபதி ஒருவர் தயங்கியதை நாம் பழிக்கவில்லை. நமக்கும் அங்கே நெஞ்சு கனக்கிறது. ஆனால், அந்தக் கனத்தைச் சுமந்தவள் யார்? நோயோடும் இரு குழந்தைகளோடும் நின்ற அவள்தான். பாலூட்டுங்காலத்திலும் கரு தங்கும் என்பதைச் சொல்லாத சமுதாயம், கருத்தடையைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு ஆணை விடுவித்த சமுதாயம், 26-ஆம் வாரத்தில் மட்டும் அறநூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறது! முதல் வாரத்தில் அறிவையும், ஆறாம் வாரத்தில் மருத்துவமனையையும் தந்திருந்தால், அந்தத் துயரத் தீர்ப்புக்கே இடமிருந்திராது.

கருக்கலைப்பு எளிய செயல் என்று நாம் கூறவில்லை. அரிய முடிவு என்கிறோம். அரிய முடிவை எடுக்கும் உரிமை, அதன் விளைவைத் தன் உடலால் சுமப்பவளுக்கே உரியது என்கிறோம். அறிவுரை கூறலாம், துணை நிற்கலாம், கட்டளையிடலாகாது. கோயில் கருவறைக்குள் நுழையப் பிறப்பைக் காட்டி மனிதனைத் தடுத்த உலகம், பெண்ணின் கருவறைக்குள் மட்டும் கேளாமலே நுழைகிறது. அந்த வாயிலில் நின்று, ‘உள்ளே வரலாமா?’ என்று அவளைக் கேட்கும் நாளே, அறம் தொடங்கும் நாள்.